பால்டோவுக்குச் சிலை வைத்தது சரிதானா? – நோம், 1925

வெயில்கந்தன்:
நியூயார்க் போயிருந்தபோது சென்ட்ரல் பார்க்கில் ஒரு நாய்ச் சிலையைப் பார்த்தேன். பாறை மேல் நிற்கிற வெண்கல நாய். பிள்ளைகள் ஏறி ஏறி முதுகு தேய்ந்து பளபளக்கிறது. என் மகனுக்கு அதன் பெயர் தெரிந்திருந்தது: பால்டோ. கார்ட்டூன் படத்தில் பார்த்தானாம். அலாஸ்காவில் ஒரு ஊருக்கே நோய் வந்தபோது இந்த நாய்தான் மருந்து கொண்டுபோய்க் காப்பாற்றியது என்றான். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சிரித்துவிட்டு, "உண்மையில் ஓடியது இது இல்லை, டோகோ" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து மகன் என்னைத் துளைத்து எடுக்கிறான். யார் சொல்வது சரி?

வடகாற்று:
இரண்டு பேரும் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள் கந்தன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோம் அலாஸ்காவின் மேற்குக் கரையில், பெரிங் கடலோரம் இருக்கிற ஊர். 1900 வாக்கில் தங்கம் தேடி வந்தவர்களால் இருபதாயிரம் பேர் வரை நிரம்பிய இடம். 1925இல் மிஞ்சியது சுமார் 1,400 பேர். கடல் உறைந்துவிட்டால் அடுத்த கோடை வரை கப்பல் கிடையாது. தபால் முழுக்க நாய் வண்டியில்தான். ஊருக்கு ஒரே மருத்துவர், கர்டிஸ் வெல்ச். அவரிடம் இருந்த தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) எதிர்மருந்து காலாவதியாகியிருந்தது. புதிதாகக் கேட்டு எழுதியிருந்தார். துறைமுகம் மூடுவதற்குள் அது வந்து சேரவில்லை.

ஜனவரி 20ஆம் தேதி மூன்று வயதுப் பையன் ஒருவன் இறந்தான். மறுநாள் ஏழு வயதுச் சிறுமிக்குப் பழைய மருந்தையே போட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. 22ஆம் தேதி வெளியூர்களுக்குத் தந்தி பறந்தது: பத்து லட்சம் யூனிட் வேண்டும். ஆங்கரேஜ் ரயில்வே மருத்துவமனையில் மூன்று லட்சம் யூனிட் அகப்பட்டது. அது ஏறக்குறைய 30 பேருக்குத்தான் போதும், ஆனாலும் பெரிய மருந்து கப்பலில் வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். கண்ணாடிக் குப்பிகளைக் கனத்த துணியில் சுற்றி, உலோக உருளைக்குள் வைத்து, 9 கிலோ மூட்டையாக ரயிலில் நெனானா வரை அனுப்பினார்கள். தண்டவாளம் நோம் பக்கம் போகவில்லை. மிச்சம் 1,085 கிலோமீட்டர் பனி.

தபால் வண்டி இந்தத் தூரத்துக்குச் சாதாரணமாக 25 நாள் எடுத்துக்கொள்ளும். வெளியில் எடுத்த மருந்து ஆறு நாள்தான் தாங்கும் என்பது வெல்ச்சின் கணக்கு. அதனால் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாற்றுகிற அஞ்சல் ஓட்டமாக வைத்தார்கள். 20 ஓட்டிகள், சுமார் 150 நாய்கள். ஜனவரி 27 இரவு கிளம்பியது, பிப்ரவரி 2 விடியற்காலை ஐந்தரைக்கு நோமில். 127 மணி நேரம் சொச்சம்.

கடைசிக் கட்டத்தை ஓட்டியவர் குன்னார் காசன். அவர் வண்டியின் தலைநாய் பால்டோ. ஊருக்குள் நுழைந்த முகம் அதுதான், பத்திரிகைக்குக் கிடைத்த முகமும் அதுதான்.

மாட்டுத்தாவணி:
தலைநாய் என்றால் எப்படி? எங்கள் தாத்தா பாரவண்டி வைத்திருந்தவர். வலத்து மாடு, இடத்து மாடு என்று பழக்கியிருப்பார். மாற்றிப் பூட்டினால் வண்டி நகராது. ஆனால் கையில் கயிறு இருக்கும். இவர்கள் எப்படித் திருப்புகிறார்கள்?

வடகாற்று:
கயிறே கிடையாது அண்ணே. வாய்ச்சொல் மட்டும்தான். 'ஜீ' என்றால் வலப்பக்கம், 'ஹா' என்றால் இடப்பக்கம். அந்தச் சொல்லைக் காதில் வாங்கித் திரும்புவது தலைநாய், மற்றவை அதன் பின்னால். வண்டியை ஒட்டிப் பூட்டுகிற கடைசி ஜோடி நல்ல பலசாலிகளாக இருக்கும், பளு திரும்பும்போது இழுவை அவற்றின் மேல்தான் விழும்.

இன்னொன்று: சொன்னதைச் செய்கிற நாய் மட்டும் போதாது. பனி மெலிந்த இடத்தில் "போ" என்றாலும் போக மறுக்கிற நாய்தான் உசத்தி. காசன் வந்த இரவில் சூறை எவ்வளவு அடர்த்தி என்றால், வண்டிக்குப் பக்கத்தில் ஓடிய நாயே சில நேரம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. வழி கண்டுபிடித்தது முன்னால் இருந்த மூக்குதான். அதனால் பால்டோவை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். நடுவழியில் காற்று வண்டியைப் புரட்டிப்போட்டு மருந்து மூட்டை பனிக்குள் விழுந்துவிட்டது. காசன் கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் துழாவி எடுத்தார்.

ஊசிமருந்து:
மருத்துவப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். குழந்தை மருத்துவம் பார்ப்பவள் நான்.

தொண்டை அடைப்பானில் ஆளைக் கொல்வது கிருமியை விட அது கக்குகிற நஞ்சு. தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் போலப் படர்ந்து மூச்சை அடைக்கும். அதில் தப்பினாலும் நஞ்சு இதயத்துக்கும் நரம்புக்கும் போகும். நஞ்சு திசுவில் ஒட்டிவிட்டால் எதிர்மருந்தால் பிரித்தெடுக்க முடியாது. ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பதை மட்டும்தான் அது பிடிக்கும். வெல்ச்சுக்கு ஒவ்வொரு நாளும் கனத்தது இதனால்தான். முதலில் வந்த பிள்ளைகளுக்கு அது சாதாரணத் தொண்டைப் புண் போலத்தான் தெரிந்திருக்கிறது. அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நாய் நாய் என்கிறோமே, அந்த உருளைக்குள் இருந்தது குதிரை. குதிரைக்கு நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழக்குவார்கள். அதன் உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கும். ரத்தத்தை எடுத்து, தெளிந்த நீரைப் பிரித்தால் அதுதான் மருந்து. 1890இல் பேரிங், கிடசாட்டோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் காட்டிய வழி. 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசே பேரிங்குக்கு இதற்காகத்தான். அதே 1901இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜிம் என்ற குதிரையின் ரத்தத்தில் ரணஜன்னி (டெட்டனஸ்) நஞ்சு கலந்திருந்தது தெரியாமல் மருந்தாக்கி, 13 குழந்தைகள் செத்தார்கள். ஜிம் அதற்கு முன் பால்வண்டி இழுத்த குதிரை. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் அங்கே இப்படிப்பட்ட மருந்துகளுக்குச் சட்டம் வந்தது, 1902இல். ஜிம்முக்கு யாரும் சிலை வைக்கவில்லை, வைக்கவும் முடியாது.

நம் ஊர்ப் பாம்புக்கடி ஊசியும் இதே வழிதான். வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கிற விஷம் குதிரைக்குப் போய்தான் மருந்தாகித் திரும்புகிறது.

சண்டைக்கோழி:
எல்லாம் சரி. 1925இல் விமானம் இருந்ததே? சில மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு நாய்களைச் சாகடித்துவிட்டு வீரம் என்று பாடுகிறோம். அந்த முடிவு எடுத்த ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாய்க்கு மருந்து கொண்டுபோகிறோம் என்று தெரியுமா? தெரியாது. பூட்டினார்கள், ஓடியது. இதில் வீரம் எங்கே வந்தது?

வடகாற்று:
விமானம் இருந்தது என்பது உண்மை, எந்த நிலையில் இருந்தது என்று பாருங்கள். ஃபேர்பேங்க்ஸில் மூன்று பழைய விமானங்கள், குளிர்காலத்துக்காகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஓட்டுபவர் உட்காரும் இடம் திறந்தவெளி, எந்திரத்தைக் குளிர்விப்பதோ தண்ணீர். மைனஸ் 45 டிகிரியில் அந்தத் தண்ணீர் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். கைதேர்ந்த விமானி ஊரில் இல்லை. நோம் மேயர் விமானம்தான் கேட்டார், பத்திரிகைக்காரர்களும் குதித்தார்கள். ஆளுநர் ஸ்காட் போன் நாயைத் தேர்ந்தெடுத்தார். இருக்கிற மூன்று லட்சம் யூனிட்டும் எங்காவது மலையில் விழுந்தால் அப்புறம் ஒன்றுமே இல்லை.

சோதனையும் நடந்துவிட்டது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட யூனிட் கொண்ட இரண்டாவது மருந்து கப்பலில் சீவர்ட் துறைமுகத்துக்கு வந்தபோது, பாதியை விமானத்தில் அனுப்பிப் பார்க்க ஆளுநர் ஒப்புக்கொண்டார். எந்திரம் கிளம்பவே இல்லை. அதையும் நாய்கள்தான் இழுத்தன. பிப்ரவரி 15இல் நோம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், பால்டோ ஊருக்குள் நுழைந்த அதே பிப்ரவரி 2ஆம் தேதிதான் தபால் விமானத்தைத் தனியாருக்குக் கொடுக்கிற கெல்லி சட்டம் வாஷிங்டனில் கையெழுத்தானது.

வீரம் பற்றி: நாய்க்கு மருந்து தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஓட்டிக்குத் தெரியுமே.

தேன்மொழி:
ஓட்டி என்று பேச்சு வந்ததால் கேட்கிறேன். இந்த இழையில் இதுவரை பெயர் வந்த ஒரே ஓட்டி காசன். மீதி 19 பேர்?

முதல் கட்டத்தைப் பாருங்கள். 'வைல்ட் பில்' ஷானன் என்ற தபால்காரர். குளிர் மைனஸ் 50ஐத் தாண்டிய ராத்திரி, 84 கிலோமீட்டர். சத்திரத்துக்கு வந்து சேர்ந்தபோது முகத்தில் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. அவருடைய நாய்களில் குறைந்தது மூன்று பிழைக்கவில்லை. காசன் ஓட்டியது 85 கிலோமீட்டர். தூரத்தில் ஒரு கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

ஷானனுக்கு அடுத்து எட்கர் கல்லண்ட். சத்திரத்தில் வந்து நின்றபோது அவருடைய கை வண்டிப் பிடியோடு உறைந்து ஒட்டிக்கொண்டதாகவும், வெந்நீர் ஊற்றித்தான் பிரித்தார்கள் என்றும் சொல்வார்கள். 21 வயது சார்லி எவன்ஸ் நிலைமை இன்னும் மோசம். ஆற்றில் உடைந்த பனி, மேலே குளிர்ப்புகை. நாய்களின் தொடையிடுக்கில் முயல்தோல் கட்டிவிட்டிருக்க வேண்டும், கட்டவில்லை. தலைநாய்கள் இரண்டும் விறைத்து விழுந்தன. அவற்றை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, வாரைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு இழுத்தான் அந்தப் பையன். இரண்டும் செத்தன.

கல்லண்ட், எவன்ஸ், பிட்கா, நொல்னர் சகோதரர்கள், டாமி பாட்ஸி... இப்படிப் பெரும்பாலும் பூர்வகுடிகளோ கலப்புக் குடும்பத்தவரோதான். யூகான் நதியோரம் முழுக்க அவர்கள் ஓட்டியதுதான், அத்தபாஸ்கன் மக்கள் நாடு அது. அந்தப் பாதையில் நாயும் தடமும் அவர்களுக்கு அன்றாடம். எட்கர் நொல்னர் 1999 வரை இருந்தார், 94 வயது. அந்த 20 பேரில் கடைசியாகப் போனவர் அவர்தான்.

இன்னொரு கணக்கு. இந்த நோயில் அதிகாரபூர்வமாகச் செத்தது ஐந்து முதல் ஏழு பேர். ஊருக்கு வெளியே இருந்த பூர்வகுடிக் குடியிருப்புகளில் நூறு பேர் வரை இறந்திருக்கலாம் என்று பிற்பாடு வெல்ச்சே சொன்னார். அவர்கள் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். அதற்கு ஏழு வருடம் முன்புதான் இன்ஃப்ளுயன்சா வந்து, பிரெவிக் மிஷன் என்ற சிற்றூரில் 80 பேரில் 72 பேர் ஐந்தே நாளில் போனார்கள். ஒரு நகரத்துக் குழந்தை இறந்தால் தந்தி, ஒரு குடிசைக் குழந்தை இறந்தால் மண். "ஊரைக் காப்பாற்றிய நாய்" என்று கேட்கும்போதெல்லாம் எந்த ஊரை என்று கேட்கத் தோன்றுகிறது.

வெயில்கந்தன்:
தேன்மொழி, இது எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி. ஆனால் டோகோ எங்கே? பெரியவர் சொன்ன டோகோ இன்னும் வரவில்லையே.

வடகாற்று:
வருகிறது. லியோன்ஹார்ட் செப்பலா என்ற நார்வேக்காரர். அன்றைய அலாஸ்காவில் அவரை மிஞ்சிய ஓட்டி இல்லை. டோகோ அவர் தலைநாய், அப்போது வயது 12. குட்டியில் நோஞ்சான். உதவாது என்று யாருக்கோ வளர்க்கக் கொடுத்துவிட்டார். அது சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதித்து வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது.

முதல் ஏற்பாட்டின்படி செப்பலா நோமிலிருந்து எதிர்த்திசையில் போய்ப் பாதி வழியில் மருந்தை வாங்க வேண்டும். அவர் கிளம்பிப் போன பிறகு, நோய் வேகமாகப் பரவுவதைப் பார்த்து நடுவில் நிறைய ஓட்டிகளைச் சேர்த்துவிட்டார்கள். அவருக்குச் சேதி போகவில்லை. 270 கிலோமீட்டர் ஓடியவர், எதிரே ஹென்றி இவானோஃப் நாய்கள் கலைமானைப் பார்த்து வாரைச் சிக்கலாக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டும் நிற்காமல் பறந்தார். இவானோஃப் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடியிராவிட்டால் கதை வேறு.

மருந்தை வாங்கியதும் திரும்பி, உறைந்த நார்ட்டன் வளைகுடாவின் மேலேயே குறுக்கே விட்டார். இரவு, சூறைக்காற்று, காலுக்கடியில் எப்போது வேண்டுமானாலும் உடையக்கூடிய கடல். சுற்றிப் போனால் ஒரு நாள் வீண். அவர் தாண்டிப் போன பிறகு அந்தப் பனி உடைந்து கடலுக்குள் போனது. மருந்தோடு ஓடியது மட்டும் 146 கிலோமீட்டர், வெறும் வண்டியையும் சேர்த்தால் 420. நோமில் அவருடைய ஒரே மகள் இருந்தாள், எட்டு வயது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1,085இல் செப்பலாவின் 146ஐயும் காசனின் 85ஐயும் கழியுங்கள். மிச்சம் 854, அதை 18 பேர் ஓட்டியிருக்கிறார்கள். ஆளுக்குச் சராசரி 47. நாம் டோகோவா பால்டோவா என்று அடித்துக்கொள்வது மொத்தப் பாதையில் கால்வாசிக்கும் குறைவான தூரத்துக்கு.

சண்டைக்கோழி:
காசன் ஏமாற்றினார் என்று ஒரு பேச்சு உண்டே? அவருக்கு அடுத்து இன்னொருவர் இருந்தாராம்.

வடகாற்று:
எட் ரோன். நோமுக்கு முந்தைய கடைசிச் சத்திரமான பாயிண்ட் சேஃப்டியில் காத்திருந்தார். சூறை அதிகமானதால் காசன் அதற்கு முந்தைய ஊரான சாலமனில் தங்கிவிட்டிருப்பார் என்று நினைத்துத் தூங்கிவிட்டார். காசனோ சாலமனைக் கவனிக்காமல் தாண்டி வந்துவிட்டார். வந்து பார்த்தால் சத்திரம் இருட்டு. ரோனை எழுப்பி, நாய் பூட்டி, கிளம்ப நேரமாகும். தன் நாய்கள் நன்றாக ஓடுகின்றன என்று போய்விட்டார். பெயர் வாங்கத்தான் போனார் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். என் அபிப்பிராயம்: நடுராத்திரி, கை விறைத்திருக்கிறது, ஓடுகிற வண்டி. நானும் நிறுத்தியிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு வந்த பேட்டிகள், படக்காரர்களுக்காகப் பகலில் மறுபடி ஓட்டிக் காட்டியது, அது வேறு விஷயம்.

செப்பலாவுக்குக் கடைசிவரை ஆறவில்லை. பால்டோவும் அவருடைய நாய்தான், சரக்கு இழுக்க வைத்திருந்தது. அன்று முன்னால் ஓடியது பால்டோ இல்லை, ஃபாக்ஸ் என்ற நாய் என்றுகூடச் சொன்னார்.

ஏரிக்கரைவாசி:
தாமதமாக வருகிறேன். கிளீவ்லாந்தில் இருக்கிறேன், பால்டோ இருக்கிற ஊர். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். கறுப்பு நாய் என்று படங்களில் பார்த்துவிட்டுப் போனால் ஏமாற்றமாக இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டு உரோமம் பழுப்பாகிவிட்டது.

அது இங்கே எப்படி வந்தது என்பதுதான் சிலைக்குப் பதில். 1925 டிசம்பரில் சென்ட்ரல் பார்க் சிலையைத் திறந்தபோது பால்டோ நேரில் நின்றது. அதன் பிறகு ஊர் ஊராக மேடையேற்றினார்கள். கூட்டம் குறைந்ததும் கை மாறிக் கை மாறி, லாஸ் ஏஞ்சலஸில் பத்து சென்ட் கொடுத்துப் பார்க்கிற மலிவுக் கண்காட்சியில் கட்டிப் போட்டுவிட்டார்கள். நன்றாகப் பராமரிக்கவும் இல்லை. கிளீவ்லாந்து வியாபாரி ஜார்ஜ் கிம்பிள் தற்செயலாக அங்கே போய்ப் பார்த்திருக்கிறார். விலை 2,000 டாலர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சில்லறை சேர்த்தார்கள், பத்து நாளில் பணம் திரண்டது. 1927 மார்ச்சில் பால்டோவும் ஆறு தோழர்களும் ஊர்வலமாக இங்கே வந்தார்கள். 1933 வரை மிருகக்காட்சி சாலையில் இருந்தது. சிலை வைத்தாயிற்று, உயிரோடு இருந்த நாய் எங்கே என்று ஒரு வருடத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை.

2023இல் அதன் தோலிலிருந்து மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். ஓநாய் ரத்தம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. இன்றைய வகைநாய்களைவிட நல்ல கலப்பு. டோகோவின் வம்சம் இன்றைய சைபீரியன் ஹஸ்கிகளில் ஓடுகிறது. பால்டோவுக்கு வாரிசு இல்லை, சின்ன வயதிலேயே காயடித்துவிட்டார்கள். சரக்கு நாய்தானே என்ற நினைப்பு.

கந்தன், அடுத்த முறை சிலைக்குப் போனால் மகனைப் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். நெனானாவிலிருந்து நோமுக்கு மருந்தைக் கை மாற்றி மாற்றிக் கொண்டுபோன எல்லா வண்டி நாய்களுக்கும் என்றுதான் அதில் பொறித்திருக்கிறது. பால்டோ அதற்கு உருவம் கொடுத்தது, அவ்வளவுதான். டோகோவுக்கும் அதே நியூயார்க்கில், சீவர்ட் பூங்காவில் சிலை உண்டு. கொஞ்சம் சின்னது.

ஊசிமருந்து:
ஒரு சேர்க்கை. மருந்து நோமுக்கு வந்தபோது உறைந்திருந்தது. குப்பி ஒன்றுகூட உடையவில்லை. உருக்கி, அன்று பகலுக்குள் போட ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வகை எதிர்மருந்து உறைந்ததால் மட்டும் கெட்டுவிடாது, அது அவர்கள் அதிர்ஷ்டம். இன்று இந்த நோய்க்கான தடுப்பூசி உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். 2011 டிசம்பரில் ஐந்து நோய்க்கான கூட்டு ஊசியை இந்தியாவில் முதலில் தொடங்கியது தமிழ்நாடும் கேரளமும்தான். அதில் தொண்டை அடைப்பானும் இருக்கிறது. உங்கள் வீட்டுக் குழந்தையின் அட்டையை எடுத்துத் தவணை விடுபட்டிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

வெயில்கந்தன்:
பார்த்துவிட்டேன் டாக்டர், எல்லாம் போட்டிருக்கிறது. மகனிடம் முழுக் கதையும் சொன்னேன். தலைநாய்கள் விழுந்ததும் தானே வாரை மாட்டிக்கொண்ட சார்லி எவன்ஸ்தான் அவனுக்குப் பிடித்திருக்கிறது. அவருக்குச் சிலை இருக்கிறதா என்று கேட்கிறான்.

தேன்மொழி:
அந்த 20 பேருக்கும் மருந்துக் கம்பெனி பதக்கம் கொடுத்தது. அலாஸ்கா நிர்வாகம் ஆளுக்கு 25 டாலர் கொடுத்தது. அதைச் சொல்லுங்கள் அவனிடம்.

மாட்டுத்தாவணி:
யாரும் கேட்காததைக் கேட்கிறேன். அவ்வளவு தூரம் ஓடுகிற நாய்க்கு என்ன தீனி போடுவார்கள்? எங்கள் காளைக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வைப்போம்.

வடகாற்று:
காய்ந்த சால்மன் மீன் அண்ணே. கோடையில் ஆற்றோரம் பிடித்துப் பிளந்து, வெயிலிலும் புகையிலும் காயவைத்து, கட்டுக் கட்டாகச் சத்திரங்களில் அடுக்கி வைத்திருப்பார்கள். நம் கணக்கில் கருவாடு.

மாட்டுத்தாவணி:
கருவாட்டுக்கு எங்கள் தெரு நாய்களும் ஓடும். என்ன, கடைப் பக்கமாக ஓடும்.